மீதி நாலாயிரம்

என் தொழில் ஒரு கேள்வியில் தொடங்கும்.
வயர் இழுத்து, ஹோர்ன் இரண்டை வேம்பில் கட்டி,
மைக்கை விரலால் தட்டி:
ஒண்டு, ரெண்டு, கேக்குதா?
இருபத்தாறு வருசமாகக் கேட்கிறேன்,
கலியாணத்தில், சடங்கில், செத்த வீட்டில்.
யாரும் பதில் சொல்வதில்லை.
நாய் ஒன்று குரைத்தால்
சரி, கேட்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

மாசியில் களுவாஞ்சிக்குடியிலிருந்து
பெட்டிகளை ஏற்றிப் போனேன்.
குருமண்வெளித் துறையில் பாதை ஏறி,
வாவி கடந்து, படுவான்கரை.
காக்காச்சிவட்டைப் பள்ளிக்கூட வளவில்
எம்பியின் மக்கள் சந்திப்பு.
எம்பியின் மச்சினன் என் காதருகே குனிந்தான்,
வாய் நிறைய வெற்றிலை.
"சனம் கேள்வி கேட்டா கொஞ்சம் குறை.
கூடக் கேட்டா கரண்ட் போயிற்று எண்டு சொல்லு.
மறுகா கணக்கு முடிப்பம்."
முற்பணம் ஆறாயிரம். மீதி நாலாயிரம்.

குமிழ் சின்னது,
போத்தல் மூடி அளவு.
அதை இடப்பக்கம் திருப்ப
பெரிய பலமெல்லாம் தேவையில்லை.

எம்பி ஒன்றே கால் மணி நேரம் பேசினார்.
அவருக்கு நான் குறை வைக்கவில்லை,
எக்கோ கூடக் கொஞ்சம் சேர்த்தேன்.
வரலாறு. இனம். தியாகம்.
ஒவ்வொன்றும் இரண்டு தரம் கேட்டது.

மறுகா குணலெட்சுமி ஒழும்பினாள்.
மார்கழியில் யானை அவள் சுவரைத் தள்ளி
நெல் மூடையை இழுத்துப் போனது
எனக்குப் பிறகுதான் தெரியும்.
அப்போது தெரிந்ததெல்லாம்
மைக்கை அவள் கோழியைப் போலக்
கழுத்தில் பிடித்தது மட்டும்.

"ஐயா, யானை வேலிக்குக் காசு வந்தது எண்டு
போன எலக்சனுக்கு நீங்கதான் சொன்ன.
கட்டை வந்த. கம்பி வந்த. போட்டோவும் எடுத்த.
அந்தக் கம்பி இப்ப ஆர்ர..."

குறைத்தேன்.
அவள் வாய் அசைந்தது.
வளவில் காக்கைச் சத்தம்.
"கரண்ட் போயிற்று" என்றேன்.
எல்லோரும் நம்பினார்கள்.
நம்பிப் பழகின சனம்.

ஒரு காலத்தில் இந்தக் கரையில்
கேள்வி கேட்டவனைக்
கேட்டு வருவார்கள், இரவில்,
வாசலில் நின்று, பெயர் சொல்லி.
என் தமையனைக் கேட்டு வந்ததும் அப்படித்தான்.
நீங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று
அம்மா கேட்கவில்லை.
அதன்பிறகு எங்கள் வீட்டில்
உப்புக் கூடவா குறையவா என்றுகூட
யாரும் யாரையும் கேட்டதில்லை.

குணலெட்சுமி மைக்கைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு எம்பியின் தலைக்குப் பின்னால் பார்த்தாள்.
"மைக்குக்கார அண்ணே" என்றாள், வெறும் வாயால்,
"கரண்ட் போனா
அவருக்குப் பின்னால ஃபேன் என்னத்துல சுத்துது?"

முதலில் ஒரு பொடியன் சிரித்தான்.
பிறகு கதிரைகள்.
பிறகு மதிலில் குந்தியிருந்தவர்கள்.
காது மந்தமான ஒருவருக்கு
முன்வரிசை திரும்பிச் சொல்ல,
சிரிப்பு இரண்டாம் தரம் வந்தது,
எக்கோ போடாமலே.

என் விரல் எப்போது வலப்பக்கம் போனது,
சத்தியமாக எனக்குத் தெரியாது.
இதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
வெட்கம், அவ்வளவுதான்.

அவள் மைக்கைத் தட்டினாள்:
"கேக்குதா?"
"கேக்குது!" என்றது வளவு.
இருபத்தாறு வருசத்தில்
முதல் தரம் பதில் கிடைத்த அந்தக் கேள்வி
என்னுடையதுமில்லை.

எம்பி செருமினார். "பரிசீலிப்பம்" என்றார்.
"எந்தக் கிழமை?" என்றது ஒரு குரல்.
"கம்பி ஆர்ர வளவில நிக்குது?" என்றது இன்னொன்று.
அவர் தண்ணீர் கேட்டார்.
அது மட்டும் உடனே கிடைத்தது.

வேலி இன்னும் வரவில்லை.
யானை வைகாசியில் இரண்டு முறை வந்தது.
எனக்கு அந்தக் கட்சி மேடை போயிற்று.
மீதி நாலாயிரம் மச்சினனிடம் நிற்கிறது.
மூன்று மாசமாக அவன் கடைப்பக்கம் போகாமல்
குறுக்கு ஒழுங்கையால் போய் வருகிறேன்.

நாளைக்குக் காலையில்
நேர் ரோட்டால் போக வேணும்.
போய்க் கேட்க வேணும்.