இரைச்சல் நீக்கம்

சஸ்காட்செவனில் ஒரு மரத் தானியக் கோபுரம்.
வெள்ளிக்கிழமை இடிக்கிறார்கள்.
எனக்குத் தந்தது இரண்டு பகல்.

முக்காலியில் லேசர் சுழல்கிறது,
நொடிக்குப் பத்து லட்சம் புள்ளி.
பலகை, ஆணி, ஆணியின் துரு,
புறா எச்சம்.
எதிலும் அது பேதம் பார்ப்பதில்லை.

எடைமேடைச் சுவரில் பென்சில் கணக்கு:
ஹ்னாத்யுக், 210 புஷல், ஈரம் அதிகம்.
கீழே உக்ரேனிய எழுத்தில் ஒரே சொல்.

சாவி கொண்டுவந்த ஓரெஸ்ட் படித்துச் சொன்னார்:
"பொய். அம்மா எழுதினது."
அதற்கு மட்டும் மூன்று படம் எடுத்தேன்.

"கொஞ்சம் நகராமல் இருங்கள்" என்றேன்.
தலையாட்டிவிட்டு நடந்தார்,
பலகை பலகையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு,
மாடு பிடிக்க வந்தவர் போல.

இரவு, மூஸ் ஜா விடுதி அறை.
ஆறிப்போன நூடுல்ஸுக்குப் பக்கத்தில்
கோபுரம் திரையில் எழுந்து நின்றது,
அசலைப் போலவே தெற்கே சற்றுச் சாய்ந்து.
உள்ளே ஒரு புகைக் கோடு:
இங்கே பாதித் தோள்,
அங்கே தொப்பி,
ஏழு இடத்தில் ஒரே கை.

கையேடு சொல்கிறது:
அசைவன எல்லாம் இரைச்சல். நீக்குக.

நீக்கினேன்.
பளிச்சென்று ஆகிவிட்டது கோபுரம்,
ஒருவரும் ஒரு மணி கோதுமைகூட
அங்கே கொட்டாதது போல.

மீட்டேன்.
மேலாளர் கேட்டால் கேட்கட்டும்.
படிவத்தில் 'தரவுக் குறைபாடுகள்' கட்டத்தில்
எழுதினேன்:
ஓரெஸ்ட் ஹ்னாத்யுக்,
எடைமேடை முதல் தெற்குச் சுவர் வரை.
சொல்லியும் நிற்கவில்லை.