ஏறக்குறைய

வியாழன் தோறும் எனக்குத் தொப்பிகள்.
வோலன் நகரத்துப் பழம்பொருள் கடையில்
சப்பாத்துகளுக்கும் மேசை விளக்குகளுக்கும் நடுவே
ஓர் இடம், ஓர் உருப்பெருக்கி,
நூல் கோத்த சிறு அட்டைகள்.
பத்தாண்டை எழுது, விலையை எழுது,
முன்னால் மறக்காமல் ஏறக்குறைய என்று போடு
என்பாள் ஹுன்சிக்கர் அம்மா.
அந்தச் சொல் இருந்தால்
ஒருவரும் திரும்பி வந்து சண்டை பிடிக்க முடியாதாம்.

நான் முகப்பைப் பார்ப்பதில்லை.
இறகை மாற்றியிருப்பார்கள்,
யாருடையவோ கலியாணத்துக்கு நாடாவைப் புதுக்கியிருப்பார்கள்.
கவிழ்த்துப் பார்ப்பேன்.
நெற்றி தொட்ட உள்பட்டி,
வியர்வை ஊறித் தேத்தண்ணி நிறமானது,
அதுதான் முதலில் வாய் திறக்கும்.

எதிரெதிரே நீள ஊசித் துளை இரண்டென்றால்
கொண்டைக்காரி, முதல் யுத்தத்துக்கு முந்தியவள்.
புருவம் வரை இறங்கும் மணி என்றால்
அந்தக் கொண்டையை அப்போதுதான் கத்தரித்திருக்கிறாள்.
உள்ளங்கையளவு தொப்பியில் சீப்புகள் தைத்திருந்தால்
ஐம்பதுகள்:
சலூனில் மணிக்கணக்காய் இருந்து எழுந்து வந்த தலை,
நசுங்கக் கூடாது.
கறுப்புப் பொத்தானைப் பெருவிரலால் சூடேறத் தேய்த்தால்
ஆஸ்பத்திரி மணம் வரும். அது பேக்லைட்.

சில நேரம் ஒரு தலைமுடி.
அதற்கு நான் அட்டை எழுதுவதில்லை.

போன கிழமை பெயாட் ஷ்டேகர் வந்தார்,
மழைக்குப் பிளாஸ்டிக் சுற்றிய வட்டப் பெட்டியோடு.
லியோனி மாமியுடையது என்றார்.
இருபத்தேழாம் ஆண்டு, பத்தொன்பது வயதில்,
யாரோ ஒருவனோடு மிலானோவுக்கு ரயில் ஏறியபோது
போட்டிருந்த தொப்பி.
மூன்றாம் நாள் திரும்பி வந்தாளாம்,
அவன் இல்லாமல்.
எங்கள் வீட்டில் இதைவிட்டால் வேறு கதையே கிடையாது.

சாம்பல் நிறம். மெல்லிய ஃபெல்ட். மணி வடிவம்.
பொருந்தத்தான் பொருந்தியது.
கவிழ்த்தேன்.
ஊதா விளக்கின் கீழ் நூல் வெள்ளை வெளேரென்று எரிந்தது.
நூல் மட்டும் என்றால்
பிறகு யாரோ திருத்தித் தைத்தது என்றிருப்பேன்.
உள்துணியில் கடையின் பெயர், தெரு,
ஊருக்கு முன்னால் 5610.
தபால் இலக்கம் இந்த நாட்டுக்கு வந்தது
அறுபத்து நாலில்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்படி நானும் நின்றிருக்கிறேன்.
தொண்ணூற்றொன்றில், குளிர்ந்த தட்டொன்றின் மேல்
இடது கையை விரித்து வை என்றார்கள்.
கச்சேரி எரிந்தபோது பதிவும் எரிந்தது என்று
மொழிபெயர்ப்பாளர் சொன்னதை
எழுதியதாய்த் தெரியவில்லை.
நான் பதினாறு என்றேன்.
மணிக்கட்டு பத்தொன்பது என்றதாம்,
என்னை ஒரு சொல் கேட்காமல்.
அந்த மூன்று வருடத்தை எங்கே செலவழித்தேனென்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
பிறந்த தேதி, ஒன்று ஒன்று.
ஊர் முழுக்க நள்ளிரவில் வெடி கொளுத்தும்,
பல் வைத்தியர் வாழ்த்து அட்டை அனுப்புவார்.
ஆவணியில் ஒரு நாள்
காரணம் சொல்லாமல் கேக் வாங்குவேன்.

என்றாலும் இலக்கத்தைக் காட்டினேன்.
ஷ்டேகர் விற்பனைக்கிருந்த நாற்காலியில் அமர்ந்தார்,
விலைச்சீட்டு முதுகில் குத்த.
விரல் விட்டு எண்ணினார்.
அப்படியென்றால் ஐம்பத்தாறுக்கு மேல், என்றார்.
அந்த வயதில் கடை கடையாய் ஏறி இறங்கி
அதே போல் ஒன்றைத் தேடி வாங்கியிருக்கிறாள்.
கொஞ்சம் பொறுத்து,
தலையில் ஒன்றும் இல்லாமல்தான்
திரும்பி வந்திருக்கிறாள், என்றார்.

மழை விடவில்லை.
தொப்பியைக் குழந்தையின் தலையைத் தாங்குவது போல்
அடியில் கை கொடுத்துப் பெட்டிக்குள் இறக்கினார்.
கொடுப்பதற்கில்லை.
அட்டையை மட்டும் தாருங்கள் என்றார்.
ஏறக்குறைய என்று எழுதி
அடுத்த எண்ணுக்குப் பேனையைத் தூக்கினேன்.
போதும், அவ்வளவும் சரி, என்று
ஈர மையை ஊதி வாங்கிக்கொண்டார்.

சாயந்தரம் கணக்குப் பார்த்த ஹுன்சிக்கர் அம்மா கேட்டாள்:
ஓர் அட்டை குறைகிறதே,
தொப்பி எங்கே?