கை மட்டும்

குத்தாலம் படித்துறையில் ஐந்து நாள் ஷூட்டிங்.
கதாநாயகனுக்குத் தவிலைத் தோளில் மாட்டத் தெரியும்,
வாசிக்கத் தெரியாது.
என் கையை வாடகைக்குக் கேட்டார்கள்.
நாளைக்கு மூவாயிரம், மதியம் பிரியாணி.
முழங்கைக்கு மேலே நான் வேண்டாம்.

விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
மேக்கப்காரர் கார்மேகம் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.
புறங்கையில் பூவரசங்கழி போட்ட தழும்பு,
பதினொரு வயதில்,
மிஸ்ரத்தில் அரை அட்சரம் நழுவியதற்கு.
'ஹீரோ கையில இது இல்லையே அண்ணே'
என்று மெழுகு வைத்துப் பூசி மறைத்தார்.
பிறகு அதே இடத்தில்
சிவப்புச் சாயத்தால் ஒரு காயம் வரைந்தார்.
கதைப்படி அன்றைக்குத்தான் அடி விழுகிறது.

வாத்தியாராக நடித்த பெரியவர் தங்கமான மனுஷர்.
கழியை ஓங்குவார், விரற்கடை தூரத்தில் நிறுத்துவார்,
'கட்' என்றதும் குனிந்து
'பட்டுடுச்சா தம்பி?' என்பார்.
பதினான்கு டேக். பதினான்கு தடவையும் கேட்டார்.
அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமில்லை.
ஆற்றைப் பார்த்துக்கொண்டே 'இல்லை' என்றேன்.
மேட்டூர் திறந்தாயிற்று என்றார்கள்,
தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை.
மணலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் பெரியவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது.
கன்னத்தில் அறைகிற ஷாட் பாக்கி.
உதவி இயக்குநர் பையன் ஜெரால்டு என்னிடம் வந்தான்:
'அண்ணே, கை மட்டும்தான்.'
நரைமுடி ஒட்டி, பச்சைக்கல் மோதிரம் மாட்டிவிட்டார்கள்.
ஓங்கினேன்.
ஒரே டேக்.
யூனிட்டே கைதட்டியது.

படம் தீபாவளிக்கு வந்தது.
டைட்டிலில் பேர் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள்,
போடவில்லை, அது கிடக்கட்டும்.
மாயவரத்தில், ரயிலடிப் பக்கத்துத் தியேட்டரில், பால்கனி.
குழலி பக்கத்தில், மடியில் பாப்கார்ன்.
திரையில் தனி ஆவர்த்தனம், கீழே ஒரே விசில்.
'இது அப்பா கைடி' என்றேன் காதில்.
'சும்மா சொல்லாதீங்க.'

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்
திரை முழுக்க ஓர் உள்ளங்கை
எழுந்தது.
நரைமுடி, பச்சைக்கல்,
எனக்கே அடையாளம் தெரியவில்லை.
குழலியின் தலை தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது.
பாப்கார்ன் சிதறியது.
'இதுதான் உங்க கை' என்றாள்.

விளக்கைப் போட்டார்கள்.
எல்லோரும் டீ குடிக்க எழுந்து போனார்கள்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நான் கையின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.