ஒன்பதாம் வார்டின் கோரம்

வார்டில் தொள்ளாயிரத்து நாற்பது ஓட்டு.
பத்தில் ஒருவர் வந்தால்தான் கிராமசபை.
பள்ளிக்கூட வராந்தாவில்
எண்பத்தொன்பது பேர்.
"கோரம் இல்லை" என்றார் செயலர்.
"இருக்கிற கோரமே போதுமுங்க" என்றார்
கள்ளு வண்டிக்குக் கேன் ஏற்றிவிட்டு வந்த ஆறுச்சாமி.
சிரிப்பு அடங்குவதற்குள்
ஐந்து பேரைத் தேடி ஓடினேன்.
பால் சொசைட்டி வரிசையில் மூவர்,
வேலந்தாவளம் பஸ்ஸைத் தவறவிட்ட இருவர்.
தூக்குவாளியும் கையுமாகக்
கூடிவிட்டது சபை.

படிவம் மலையாளத்தில்.
வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு
நான்தான் மொழிபெயர்ப்பு.
'ஆவசியம்' என்ற கட்டத்துக்கு
எல்லோரும் விளக்கு என்றார்கள், தெருவிளக்கு.
பதினேழு.
போன வருஷமும் பதினேழுதான் எழுதினோம்,
எரிவது நான்கு.

மாரக்காள் மட்டும் எழுந்தாள்.
"வெளிச்சம் போட்டு எதைக் காட்டப் போறீங்க?
கோயமுத்தூர் கம்பெனி வேன்
பெர்மிட் இல்லைன்னு
எல்லைக்கல்லோட இறக்கிவிட்டுட்டுப் போயிருது.
அங்கிருந்து வீடு வரைக்கும் சாக்கடை,
முழங்கால் ஆழம்.
அந்த வழி எனக்குக்
கண்ணை மூடினாலும் தெரியும்."
எழுதிக்கொண்டேன்,
எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல்
ஓரத்தில்.

தேவையை மக்களே சொல்வார்கள் என்றது
பயிற்சி வகுப்பில் கொடுத்த புத்தகம்.
சொன்னது அவள் ஒருத்தி.
மற்றவர்களுக்கு, நடந்தபோது
செருப்பு சொன்னது.
முப்பது மீட்டர் நாடா, ஒரு கிலோ சுண்ணாம்பு,
ஓவர்சியர் ஷைலஜன், மைமூன், நான்.
எந்த வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது?
கேட்டால் எல்லோரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள்.

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் வார்டை வரைந்தோம்.
பிள்ளைகள் ஓடிப்போய் அவரவர் வீட்டில் நின்றார்கள்.
கந்தப்பன் தன் போர்வெல்லை
இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார்;
சித்திரையிலிருந்து அதில் காற்றுதான்.
ஓர் ஆடு நடந்து ரேஷன்கடையை அழித்தது.
ராத்திரி பயப்படும் இடத்தில்
புளியங்கொட்டை வையுங்கள் என்றாள் மைமூன்.
ஒருத்தி வைத்தாள், பிறகு இன்னொருத்தி.
கொட்டைகள் எல்லாம்
எல்லைக்கல்லில் போய்க் குவிந்தன.

அப்போதுதான் பார்த்தோம்:
ஓடை கல்லில் தொடங்கவில்லை.
அக்கட்டால நாற்பத்து மூன்று வீடு,
அத்தனை தண்ணீரும் சரிவில் இங்கே.
"அந்த வீடுகள் நம் கணக்கில் வராது"
என்றார் ஷைலஜன், பேனாவை மூடி.
"அதுல ஒண்ணு என் அண்ணன் வீடு" என்றாள் மாரக்காள்,
"தண்ணிகிட்ட ஆதார் கேப்பீங்களா?"

அவர்களுடைய கிராமசபை
அக்டோபர் இரண்டு.
எங்கள் நிதி
மார்ச் முப்பத்தொன்றில் செத்துவிடும்.
இரண்டு தேதிக்கும் நடுவே
மாரக்காளின் முழங்கால்.

ஷைலஜன் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் எஸ்டிமேட்டில்
நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகலத்தை அடித்து
எழுபத்தைந்து என்று எழுதினார்.
காரணம் என்ற இடத்தில்: கனமழைப் பகுதி.
கணவாய்க் காற்று மேகத்தையெல்லாம்
அடித்துக்கொண்டு போகிற ஊர் இது.
டேங்கர் லாரிக்குக் குடம் வரிசை கட்டுகிற ஊர்.
யாரும் கேட்கவில்லை.
மேலிடத்தில் ஒப்புதல் முத்திரை விழுந்தது,
நாற்பத்து மூன்று வீடும்
மழை என்ற பெயரில் உள்ளே வந்தன.

நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் கான்கிரீட்.
ஆறுச்சாமி ஒரு பக்கம் காலும்
மறுபக்கம் காலுமாக நின்று
"வண்டியே போகலாம் போல" என்றார்.
மாரக்காள் ஒன்றும் சொல்லவில்லை.
கல்லுக்கு இந்தப் பக்கம் செருப்பைப் போட்டுக்கொள்கிறாள்.
அந்தப் பக்கம், வேனிலிருந்து இறங்கும் இடம்,
இன்னும் சேறு.

அக்டோபர் இரண்டு நானும் போகிறேன்.
அவர்கள் படிவம் தமிழில்தான்,
வாசிக்க என்னைத் தேவைப்படாது.
கோரத்துக்கும் என்னை எண்ண மாட்டார்கள்.
அரைக் கிலோ சுண்ணாம்பு மிச்சமிருக்கிறது.
எடுத்து வைத்திருக்கிறேன்,
கொஞ்சம் புளியங்கொட்டையும்.