கூடம் கோணல்

முதலில் காற்றைத் திட்டினேன்.
க்ளோமா ஆற்றுப் பக்கமிருந்து வருவது,
திட்டு வாங்கிப் பழகிய காற்று.

அப்புறம் தொலைநோக்கியின் திருகாணி.
அப்புறம் புது டப்பா மருந்து.
அப்புறம் என் வலது கண்:
ஐம்பத்து மூன்று வயது,
இரவெல்லாம் மரலாரி ஓட்டுகிற கண்.

முந்நூறு மீட்டரில் சுட்ட ஐந்து துளைகளை
ஒரு தீப்பெட்டியால் மூடுவேன் முன்பு.
இப்போது உள்ளங்கை வேண்டும்.

ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.
அந்தச் சொல்லுக்குப் பயந்தே
மூவாயிரத்து நானூறு தோட்டா வரை
குழலை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓட்வார் தன் பட்டறையில்
விளக்கு முளைத்த கம்பியொன்றை உள்ளே விட்டான்.
திரையில் துப்பாக்கியின் தொண்டை:
வரிகள் மழுங்கி, வெந்து,
பல்லி முதுகாய் வெடித்துக் கிடந்தது.

"மான் வேட்டைக்கென்றால் உன் ஆயுசுக்கும் வரும்" என்றான்.
எனக்கு ஆகஸ்ட் போட்டிக்கு நாற்பது தோட்டா போதும்.
அந்த நாற்பதுக்குப் பழக ஐந்நூறு.
கணக்கு அங்கேதான் இடித்தது.

லாரிக்கு வைத்திருந்த
இரண்டு பனிக்கால டயர்களின் காசு.
கொடுத்தேன்.
பதினோரு வாரம் காத்திருந்தேன்.

பழையதை என்ன செய்ய என்று கேட்டான்.
வேண்டாம் என்று சொல்லிவிட்டுக்
கார் வரை போய்த்
திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன்.

இன்று புதுக் குழல். முதல் ஐந்து.
நான்கு, தீப்பெட்டிக்குள்.
ஐந்தாவது
இரண்டு விரல் தள்ளி, வலப்பக்கம்.

கொடி அசையவில்லை.
கூடம் நேராகத்தான் இருக்கிறது.