பொக்கைப் பாளம்

படிவம் பதினொன்று, நாலாம் பத்தி:
அடுத்த ஐந்தாண்டில் எதிர்பார்க்கும் மின்தேவை.
போன முறை எழுதியவர்
அதற்கு முந்தைய எண்ணை எடுத்து
நூற்றுக்கு ஆறரை கூட்டிவிட்டு
ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.
எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.
புதன்கிழமை மாலைக்குள்.

கோட்டுப்படத்தில் ஓர் இடத்தில் பள்ளம்.
தானே புயல் அடித்த அந்த மார்கழி.
கம்பங்கள் முறிந்து கிடந்த வாரங்களில்
கடலூர் மின்சாரமே கேட்கவில்லை
என்கிறது கணக்கு.
நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.
மெழுகுவத்தியைப் பாதியாய் வெட்டி
இயற்பியலுக்குப் பாதி, வேதியியலுக்குப் பாதி.
கேட்காமலா இருந்தோம்?

முதுநகர்த் துறைமுகத்தில்
ஷாபுதீன் மரைக்காயரின் ஐஸ் கம்பெனி.
மீட்டர் பார்க்க வந்தவள் என்று நினைத்து
அட்டையை எடுத்து நீட்டினார்.
இல்லை, திட்டம் போட வந்திருக்கிறேன் என்றேன்.
"எதுக்கு?"
சட்டென்று எனக்கும் வரவில்லை.

உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து
ஒரு டப்பாவைத் தூக்கிக் கவிழ்க்கச் சொன்னார்.
வழுக்கி வந்த பாளம்
வெளியே பளிங்கு.
நடுவில், கை நுழையும் அகலத்துக்குப் பொக்கை.
உறையாத தண்ணீர் உள்ளே இருந்து
சிமெண்டுத் தரையில் கொட்டியது.
"ராத்திரி ஒண்ணரைக்குப் போன கரண்டு
அஞ்சுக்குத்தாம்மா வந்துச்சு.
அந்த மூணரை மணி நேரம்தான் இது."

முழங்கை வரை விட்டுப் பார்த்தேன்.
ஏழாண்டு வேலையில்
வராமல் போன மின்சாரத்தை
அன்றுதான் தொட்டேன்.
குளிர்ந்தது, வேறென்ன.

வெளியே ஏலம்.
எட்டுக் கூடை கானாங்கெளுத்தியை
கேட்ட விலைக்கே தள்ளிக்கொண்டிருந்தாள் அஞ்சலாட்சி.
பொக்கை ஐஸ் பண்ருட்டி தாண்டாதாம்.
விழுப்புரத்து வியாபாரி பெட்டியைத் திறந்து
மோந்து பார்த்துவிட்டு மூடிவிடுவானாம்.
மிச்சம் கருவாடு.
கருவாட்டுக் காசில்
மகளின் நர்சிங் கட்டணம் பாதிதான் தேறும்.
"பாதி ஊசி போடுற நர்சு இருக்காளா?"
அவளே கேட்டு அவளே சிரித்தாள்.

பயிற்சி வகுப்பில், சென்னையிலிருந்து வந்தவர்
பலகையில் எழுதியது நினைவிருக்கிறது:
வளர்ச்சி ஒரு பங்கு ஏறினால்
மின்தேவையும் ஏறத்தாழ ஒரு பங்கு ஏறும்.
எது முன்னால் போகிறது சார், எது பின்னால் வருகிறது
என்று கடைசி வரிசையில் யாரோ கேட்டார்.
அதற்குள் டீ வந்துவிட்டது.

துணைமின் நிலையத்தில்
நிறுத்த நேரங்களின் பதிவேடு இருந்தது.
பென்சில் எழுத்து, சில பக்கங்களில் வடைக்கறை.
துறைமுக வழித்தடம் மட்டும்
ஓராண்டில் அறுநூற்றுப் பதினொரு மணி நேரம்.
இரண்டு இரவுகள் உட்கார்ந்து கூட்டினேன்.
மீட்டருக்கு எண்ணத் தெரியாததை எல்லாம்
நாலாம் பத்தியில் சேர்த்தேன்.
ஆறரை, பத்தேகால் ஆனது.

செயற்பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இவ்வளவு காட்டினா மேலே கேள்வி வரும்.
இதுக்கு ஆதாரம்?"
பதிவேடு சார். அப்புறம் ஐஸ்.
"ஐஸா?"
சொன்னேன்.
"ஆழத்தை எதால அளந்தே?"
கையால்.
வெகுநேரம் என் கையையே பார்த்தார்.
பிறகு பத்தேகாலை அடித்து
ஆறரையை எழுதி,
பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டார்.
"அடிக்குறிப்பா வச்சுக்கோ.
யாராவது படிச்சா படிக்கட்டும்."

படிவத்தில் அடிக்குறிப்புக்கு இடம் ஒன்றரை வரி.
'தரப்படாததைக் கேட்கப்படாததாகக் கொள்ள வேண்டாம்'
என்பதற்குள் காகிதம் முடிந்துவிட்டது.

அன்றிரவு
மின்விசிறி நின்றதில் விழிப்பு வந்தது.
மேற்கே, தொலைவில்,
நெய்வேலிப் பக்கத்து வானம் மட்டும் வெளுத்திருந்தது.
முதுநகரில் இந்நேரம்
டப்பாவுக்குள் ஓரத்திலிருந்து நடுவுக்கு
நகர்ந்துகொண்டிருந்த பனி
எங்கோ நின்றிருக்கும்.
செல்பேசி வெளிச்சத்தில் மணி பார்த்தேன்.
ஒன்று நாற்பது.
பென்சிலைத் தேடி எழுதி வைத்தேன்.