நூற்றிருபத்தொன்பது

பதினோராம் வகுப்பு, வணிகவியல் பிரிவு.
பாலக்கோட்டில் ஜன்னலைத் திறந்தால்
தக்காளி மண்டியின் வாடை
முதல் பெஞ்சில் வந்து உட்காரும்.

நிதி விழிப்புணர்வு வாரம் என்றது
மாவட்டத்திலிருந்து வந்த சுற்றறிக்கை.
கூடவே ஒரு கையேடு,
அட்டையில் ரோஜா நிறப் பன்றி உண்டியல்.
'வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை
முதலில் எடுத்து வையுங்கள்.'
இரண்டாம் பக்கத்தை வாசித்தேன்.
என் குரல் அப்போது
இரவல் புடவை கட்டியிருந்தது.

வீட்டுப்பாடம்: ஒரு மாத வரவு செலவு.
உள்ளது உள்ளபடி.

மறுநாள் மேசையில் நாற்பத்திரண்டு நோட்டுகள்.
'அண்ணன் ஓசூரிலிருந்து அனுப்புவான்' என்று எழுதி
தொகைக்கு இடம் விட்டிருந்தான் தீர்த்தகிரி.
யாரோ ஒருத்தி நடிகர் படம் ஒட்டி
அதற்கான பசையையும் செலவில் சேர்த்திருந்தாள்.

நாகவேணியின் நோட்டு:
தக்காளி பதினெட்டு கிரேட், கிரேட் அறுபது.
பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக
கையில் நின்றது நூற்றுப்பத்து.
திங்கள் ஒரு குழுக்கடன்.
புதன் இன்னொரு குழு.
வெள்ளிக்கிழமையுடையது
முதலிரண்டையும் கட்ட வாங்கிய மூன்றாவது.
சேமிப்பு என்ற இடத்தில்
இப்படி இருந்தது:
"புதன்கிழமை அம்மா எங்களை உள்ளே வைத்து
வெளியே பூட்டிவிட்டுப் போகும்.
சார் வந்து தட்டிவிட்டுப் போகும்வரை
லைட், ஃபேன், டிவி எதுவும் போடமாட்டோம்.
அந்தக் கரண்டைச் சேமிப்பில் எழுதலாமா மிஸ்?"

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன்.
மூடினேன்.

கையேட்டை இழுப்பறையில் போட்டுவிட்டு
கரும்பலகையில் தண்டலை எழுதினேன்.
கைக்கு வருவது எட்டாயிரத்து ஐந்நூறு.
கட்டுவது நாளுக்கு நூறு, நூறு நாள்.
"வட்டி எவ்வளவு?"
"நூத்துக்குப் பதினஞ்சு!" ஒரே குரலில் வகுப்பு.
"வாங்கின பணம் நூறு நாளும் உங்ககிட்டயா இருக்கு?
தினம் கொஞ்சம் திரும்பிப் போயிடுதே.
சராசரியா பாதிதான் கையில இருக்குன்னு வைங்க.
அதை வருஷத்துக்கு நீட்டுங்க."

பென்சில்கள் ஓடின. அழித்தன. ஓடின.
"நூத்தி இருபத்தொம்போது" என்றாள் நாகவேணி.
யாரோ விசிலடித்தான்,
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கடைசி பெஞ்சில் மாதேஷ் இருந்தான்.
அவன் அப்பாவின் எக்ஸெல் வண்டிச் சத்தம்
இந்தத் தெருக்களுக்கு மனப்பாடம்.
மெதுவாக எழுந்தான்.
"பெட்ரோல் கழிக்கணும் மிஸ்.
ஓடிப்போனவங்களையும் கழிக்கணும்.
அப்பாவே சேலத்துல
ரெண்டு வட்டிக்குத்தான் வாங்குறாரு."

நாகவேணி திரும்பாமலே சொன்னாள்:
"கழிச்சுக்கோ, யாரு வேணாம்னா?
எங்க கணக்குல எதைக் கழிக்கிறது, அதைச் சொல்லு."

மணி அடித்துவிட்டது.
மாதேஷ் என்னை ஒருமுறை பார்த்து
சட்டென்று தலை குனிந்தான்.
அப்பாவுக்காகக் கூசுகிறான் என்று
வகுப்பு நினைத்திருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட டீச்சர் நான்.
நான்கு மாதமாக என் சம்பளம்
வந்துகொண்டே இருக்கிறது.

சனிக்கிழமை வசூலுக்கு அவனே வந்தான்.
வண்டியை அணைக்காமல்
கேட்டுக்கு வெளியே நின்றான்.
என் கார்டில் ஐம்பத்து மூன்று டிக்.
நூறு ரூபாயை வாங்கி, பேனாவை உதறி
ஐம்பத்து நான்காவதைப் போட்டான்.
போகவில்லை.

"அந்தக் கணக்கு சரிதானா மிஸ்?
அப்பா நம்பல."

வசூல் நோட்டின் கடைசிப் பக்கத்தை நீட்டினான்.
எக்ஸெல் சீட்டின்மேல் வைத்து,
வண்டியின் நடுக்கம் எழுத்தில் ஏற ஏற
படிப்படியாகப் போட்டேன்,
ஐந்து மதிப்பெண் கேள்விபோல.
சரிதான் என்றேன்.

வண்டியை அணைத்தான்.
"சேலத்து ரெண்டு வட்டியை
எப்படிப் போடுறது மிஸ்?"